டஜன், குரோஸ், ஸ்கோர், ரீம்: பழைய எண்ணிக்கை அலகுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பேரேடு, சரக்குப் பட்டியல், ஏற்றுமதி ஆவணம் ஆகியவற்றைப் படிப்பவர்களும், இன்றும் டஜன் கணக்கிலும் ரீம் கணக்கிலும் சரக்கு வாங்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். தொடக்கநிலைக் கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். எந்த அலகானாலும் “எத்தனை?” என்று கேட்பதற்கு முன் “எந்தப் பொருளில்?” என்று கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எண்ணிக்கை அலகுன்னா என்ன? கிலோ, லிட்டர் மாதிரிதானா?

இல்லை. கிலோவும் லிட்டரும் அளவைகள். அவற்றுக்குத் தராசோ படியோ வேண்டும். எண்ணிக்கை அலகு என்பது இத்தனை உருப்படி சேர்ந்தது என்று ஒரு தொகைக்கு வைத்த பெயர். டஜனுக்கு எடையும் கிடையாது, நீளமும் கிடையாது. மெட்ரிக் முறை வந்தபோது பழைய எடைகள் பலவும் ஒழிந்தன. டஜன் தப்பியது, ஏனென்றால் மாற்றிக்கொள்வதற்கு அதில் அளவையே இல்லை.

டஜன் ஏன் 12? எல்லாரும் பத்துப் பத்தாகத்தானே எண்ணுகிறோம்?

எண்ணுவதற்குப் பத்து வசதி, பங்கு போடுவதற்குப் பன்னிரண்டு வசதி. பத்தை மீதியில்லாமல் 2 பேருக்கும் 5 பேருக்கும்தான் பிரிக்கலாம். பன்னிரண்டை 2, 3, 4, 6 பேருக்குப் பிரிக்கலாம். கால் டஜன் 3, மூன்றில் ஒரு பங்கு 4, அரை டஜன் 6. எதிலும் பின்னம் வராது. பத்தில் காலே இரண்டரை ஆகிவிடும், பொத்தானையோ கோப்பையையோ பாதியாக விற்க முடியாது.

பெட்டியில் அடுக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பன்னிரண்டை 3க்கு 4, 2க்கு 6 என்று ஒரே அடுக்காக வைக்கலாம், 2க்கு 3 என்று இரண்டு அடுக்காகவும் வைக்கலாம். பத்தை ஒரே வரிசையாகவோ 2க்கு 5 ஆகவோதான் வைக்க முடியும். கையிலும் பன்னிரண்டு உண்டு. கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால், விரலுக்கு மூன்றாக ஒரே கையில் 12 வந்துவிடும்.

சொல்லின் வழி நேரானது. லத்தீனில் பன்னிரண்டு ‘டுவோடெசிம்’. அது பிரெஞ்சில் ‘தூஸ்’ ஆயிற்று, ‘ஒரு பன்னிரண்டு’ என்னும் பொருளில் ‘தூஸேன்’ ஆயிற்று. ஆங்கிலம் அதை ‘டசன்’ என்று எடுத்துக்கொண்டது, நாம் டஜன் என்கிறோம்.

குரோஸ், கிரேட் குரோஸ், கிரேட் ஹண்ட்ரட்: எது எத்தனை?

12 டஜன் ஒரு குரோஸ், அதாவது 144. பிரெஞ்சில் ‘குரோஸ் தூஸேன்’, ‘பெரிய டஜன்’ என்று சொன்னதன் முதல் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. 12 குரோஸ் ஒரு கிரேட் குரோஸ், 1,728. பொத்தான், பென்சில், திருகாணி மாதிரி சிறு உருப்படிகளை இந்த அடுக்கில் கட்டுவது வழக்கம்: 12 ஒரு சிறு பெட்டி, 12 சிறு பெட்டி ஒரு பெட்டி, 12 பெட்டி ஒரு பெரிய பெட்டி.

கிரேட் ஹண்ட்ரட், அதாவது ‘பெரிய நூறு’, வேறு. அது 10 டஜன், 120. சிலர் இதையே ‘சின்ன குரோஸ்’ என்றும் எழுதினார்கள். ‘கிரேட்’ என்ற சொல்லைக் கண்டதும் 1,728 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பதினான்கு மடங்குக்கு மேல் பிசகும். அதன் பின்னால் என்ன சொல் வருகிறது என்று பாருங்கள்.

பில்லில் ‘குரோஸ்’ என்று மட்டும் இருக்கிறது. 144 உருப்படியா, மொத்த எடையா?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், ‘பெரிய, பருத்த’ என்ற பிரெஞ்சுச் சொல். அதனால்தான் குழப்பம் வருகிறது. சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ‘அளவு’ பத்தியில் எண்ணுக்குப் பக்கத்தில் நின்றால் 144. ‘எடை’ பத்தியில், ‘நெட்’ என்ற நிகர எடைக்குப் பக்கத்தில் நின்றால் பெட்டி, கட்டு எல்லாம் சேர்ந்த மொத்த எடை. இன்றைய சர்வதேச வணிக ஆவணங்களில் மூன்றெழுத்துக் குறிகள் உண்டு: ‘டி-இசட்-என்’ என்றால் டஜன், ‘ஜி-ஆர்-ஓ’ என்றால் 144 கொண்ட குரோஸ். குறி இருந்தால் அதையே நம்புங்கள்.

கணினியில் 5.7 டஜன் என்று ஏற்றினேன், இருப்பு ஒத்துவரவே இல்லை. ஏன்?

பட்டியலில் ‘5-7’ என்று இருந்திருக்கும். அதற்கு 5 டஜனும் 7 உருப்படியும் என்று பொருள், மொத்தம் 67. நீங்கள் ஏற்றிய 5.7 டஜனை 12ஆல் பெருக்கினால் 68.4 வரும். ‘5-10’, ‘5-11’ என்று வரும்போது இன்னும் மோசம். 5.10 என்று ஏற்றினால் கணினி அதை 5.1 ஆக்கிவிடும், 70 உருப்படி 61.2 ஆகிவிடும்.

இருப்பை எப்போதும் உருப்படியாக மாற்றியே ஏற்றுங்கள். 3 குரோஸ் 4 டஜன் 5 என்றால் 432, 48, 5 மூன்றையும் கூட்டி 485. டஜன் என்பது அச்சிடும்போது காட்டுவதற்கு மட்டும் இருக்கட்டும்.

டஜன் விலையிலிருந்து ஒன்றின் விலையை அந்தக் காலத்தில் எப்படி மனக்கணக்காகவே சொன்னார்கள்?

அவர்கள் காசும் பன்னிரண்டில்தான் ஓடியது. பழைய பிரிட்டிஷ் நாணயத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. டஜன் 7 ஷில்லிங் என்றால் ஒன்று 7 பென்னி. வகுக்கவே வேண்டாம். ஒன்று 3 பென்னி என்றால் டஜன் 3 ஷில்லிங், குரோஸ் 36 ஷில்லிங். ஒரு பவுண்டில் 240 பென்னி இருந்ததால் 120 கொண்ட பெரிய நூறும் சுத்தமாகப் பொருந்தியது. ஒன்று ஒரு பென்னி என்றால் பெரிய நூறு சரியாக அரைப் பவுண்டு.

1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் பவுண்டுக்கு 100 புதுப் பென்னி என்று மாற்றியதும் இந்த இணைப்பு அறுந்தது. இன்று வேறு குறுக்குவழி இல்லை, 3ஆல் வகுத்து வந்ததை 4ஆல் வகுங்கள். நேராக 12ஆல் வகுப்பதைவிடத் தப்பு குறையும்.

ஸ்கோர் என்றால் 20. விளையாட்டில் சொல்கிற ஸ்கோரும் அதுவும் ஒன்றா?

ஒன்றேதான். பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்கோர்’ என்றால் கத்தியால் போட்ட வெட்டு. ஆடு மாடுகளை எண்ணும்போது இருபது கடந்ததும் குச்சியில் ஒரு வெட்டுப் போட்டார்கள். அந்த வெட்டு இருபதுக்குப் பெயராயிற்று, வெட்டுகளை எண்ணிச் சொல்வது ஆட்டக் கணக்குக்குப் பெயராயிற்று. பிரெஞ்சில் எண்பதுக்கு ‘நான்கு இருபது’ என்றும், டேனிஷில் அறுபதுக்கு ‘மூன்று இருபது’ என்று விரியும் சொல்லும் இன்றும் வழங்குகின்றன.

வெட்டுக்குச்சி ஏதோ நாட்டுப்புற வேலை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்து அரசின் கருவூலமே அதில்தான் கணக்கு வைத்தது. 12ஆம் நூற்றாண்டு விதிப்படி 1,000 பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் வெட்டு, 100க்குக் கட்டைவிரல் அளவு, 20க்குச் சுண்டுவிரல் அளவு, 1 பவுண்டுக்கு முற்றிய பார்லி மணியின் அளவு. வெட்டுப் போட்டபின் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பணம் கொடுத்தவருக்கு ஒரு பாதி, வாங்கியவருக்கு மறுபாதி. ஒரு பக்கத்தில் கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால் இரண்டையும் சேர்த்து வைக்கும்போது அகப்பட்டுவிடும். மரத்தின் ரேகையும் பொருந்தியாக வேண்டும் என்பதால் வேறு குச்சியைக் கொண்டுவரவும் வழியில்லை. தாள் ரசீதில் இவ்வளவு பாதுகாப்புக் கிடையாது. 1826 வரை இந்த முறை இருந்தது. தேங்கிக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று எரித்தபோது பற்றிய தீயில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

நூறு என்றால் நூறுதானே? அதென்ன ‘நீள நூறு’?

வட ஐரோப்பாவில் ‘ஹண்ட்ரட்’ என்ற சொல்லுக்கு நெடுங்காலம் 120 என்றே பொருள். ஆறு இருபது ஒரு நூறு; பெரிய நூறு, நீள நூறு இரண்டும் இதற்கே பெயர். ஐந்து இருபது கொண்ட நூறு லத்தீன் எழுத்தோடு வந்து சேர்ந்தது. பிறகு இரண்டும் ஒரே பெயரில் பல நூற்றாண்டு ஓடின. ஆள், காசு, குண்டூசி ஆகிய மூன்றுக்கு மட்டும் நூறு என்றால் ஐந்து இருபது, மற்ற எல்லாவற்றுக்கும் ஆறு இருபது என்று ஆங்கிலத்தில் ஒரு பழைய வாய்ப்பாடே உண்டு.

மீனில் இது இன்னும் வளர்ந்தது. இங்கிலாந்தின் யார்மத் துறையில் ஹெரிங் மீனை எண்ணுபவர் ஒரு கைக்கு இரண்டாக நான்கு மீனைச் சேர்த்து எடுத்துப் போடுவார். இந்த நான்குக்கு ‘வார்ப்’ என்று பெயர். 33 வார்ப் ஒரு நூறு. 33ஐ நான்கால் பெருக்கினால் 132! அப்படி 100 நூறு சேர்ந்தது ஒரு ‘லாஸ்ட்’, 13,200 மீன். ஏட்டில் ‘ஒரு லாஸ்ட்’ என்று பார்த்துவிட்டு 10,000 என்று எழுதினால் 3,200 மீன் காணாமல் போகும்.

மர வணிகத்தில் பெரிய நூறு மிக அண்மைக்காலம் வரை வாழ்ந்தது. ‘பீட்டர்ஸ்பர்க் ஸ்டாண்டர்டு’ என்பது 120 பலகை. ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 11 அங்குல அகலம், 1½ அங்குலக் கனம். பெருக்கிப் பார்த்தால் 165 கன அடி வரும். எண்ணிக்கையாகத் தொடங்கியது பிறகு கன அளவாகவே மாறிவிட்டது.

பழைய ஏட்டில் ‘சி’ என்ற ரோமன் எண் இருக்கிறது. அது 100-ஆ 120-ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விலைப் பத்தியை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ‘மூன்று நூறு, ஒன்று ஒரு பென்னி’ என்று எழுதி மொத்தம் 30 ஷில்லிங் என்றிருந்தால் அது 360 பென்னி, ஆகவே நூறு 120. மொத்தம் 25 ஷில்லிங் என்றிருந்தால் 300 பென்னி, ஆகவே நூறு 100. ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே ஏட்டில் மீனுக்கு ஒரு நூறும் இரும்புக்கு வேறொரு நூறும் இருப்பது சாதாரணம். பொருளுக்குப் பொருள் தனியாகச் சரிபார்க்க வேண்டும். சில எழுத்தர்கள் ‘ஆறு இருபதின்படி’ என்று குறித்தும் வைத்திருப்பார்கள். அந்தக் குறிப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

112 பவுண்டு ‘ஹண்ட்ரட்வெயிட்’டும் இந்தக் குடும்பம்தானா?

பெயர் மட்டும்தான் ஒட்டு. அது எடை, 14 பவுண்டு கொண்ட ‘ஸ்டோன்’ எட்டு. எண்ணிக்கையோடு சேர்க்க வேண்டாம்.

ரீம் 480 என்று படித்தோம், கடையில் 500 கொடுக்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, காலம்தான் வேறு. பழைய கணக்கில் 24 தாள் ஒரு குயர், 20 குயர் ஒரு ரீம், 480. இப்போது குயர் 25, ரீம் 500. சர்வதேசத் தரமும் 500தான். அச்சகத்தார் கேட்டு வாங்கிய ரீம் 516, அதாவது இருபத்தொன்றரைக் குயர். இயந்திரத்தில் தாள் ஏறும்போது சில கெட்டே தீரும், கேட்ட பிரதிகள் முழுதாகக் கையில் வர வேண்டுமானால் மேலே கொஞ்சம் வேண்டும். ஆலைக் கட்டு என்று 472உம் உண்டு. கட்டின் மேலும் கீழும் இருக்கும் குயர்கள் கயிறு பட்டும் ஓரம் மடங்கியும் கெடும் என்பதால் அந்த இரண்டில் மட்டும் 20 தாள், நடுவில் 18 குயரில் 24 தாள்.

‘ரீம்’ அரபுச் சொல். ‘ரிஸ்மா’ என்றால் கட்டு. காகிதம் செய்யும் தொழில் அரபு உலகத்திலிருந்து ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது கட்டின் பெயரும் கூடவே போயிற்று. ‘குயர்’ லத்தீனில் ‘நான்கு நான்காக’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் அது நான்கு தாளை மடித்து எட்டு இலையாக்கிய ஒரு மடிப்பு மட்டுமே. நான்கில் தொடங்கிய பெயர் 24க்கும் 25க்கும் வந்து நின்றிருக்கிறது.

அப்போ ஒரு குயர் நோட்டில் 24 பக்கம்தான் இருக்கணுமே, 96 இருக்கிறதே?

குயர் எண்ணுவது முழுத்தாளை. 24 முழுத்தாளை நடுவில் மடித்தால் 48 இலை. இலைக்கு இரண்டு பக்கம், ஆக 96. இரண்டு குயர் என்றால் 192. வாங்கும்போது தாள், இலை, பக்கம் மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காகிதத்தில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றைக் கலப்பதால் வருபவை.

‘பேக்கர் டஜன்’ 13 என்கிறார்கள். ஏன் ஒன்று கூடுதல்?

இங்கிலாந்தில் 1266இல் பதிவான ரொட்டிச் சட்டம், கோதுமை விலைக்கு ஏற்ப ரொட்டியின் எடையை நிர்ணயித்தது. ரொட்டியின் விலை மாறாது, எடைதான் ஏறி இறங்கும். எடை குறைந்தால் அபராதம், திரும்பத் திரும்பப் பிடிபட்டால் ஊர் நடுவில் கட்டையில் நிறுத்துவார்கள். மாவு அடுப்பில் ஈரம் இழக்கும். ஒரே மாவில் பிடித்த ரொட்டிகளே எடையில் ஒத்து வராது. அதனால் டஜனோடு ஒன்றைக் கூடவே போட்டுவிட்டார்கள். நாம் சொல்லும் கொசுறு போலத் தெரிந்தாலும், அதில் பயமும் கலந்திருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, வணிகர்கள் பார்வையில் அதுவே பலமானது. ஒரு ரொட்டியின் விலை சட்டப்படி நின்றுவிட்டதால் வாங்கி விற்பவருக்கு லாபம் வைக்க இடமில்லை. 12க்குக் காசு கொடுத்து 13 வாங்கினால் பதின்மூன்றாவது அவர் லாபம். பிரிட்டிஷ் புத்தக வணிகத்திலும் ‘12 விலைக்கு 13’, ‘24 விலைக்கு 25’ என்று இதே முறை இருந்தது. முதலாவது ஏறக்குறைய 7.7 சதவீதத் தள்ளுபடி, இரண்டாவது 4 சதவீதம். 13ஐக் கொண்டு வகுக்க வேண்டும். 12ஆல் வகுத்து 8.3 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

தோல் வணிகத்தில் ‘டிக்கர்’, ‘டிம்பர்’ என்று வருகிறதே?

டிக்கர் 10 தோல். லத்தீனில் ‘பத்தின் குழு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. டிம்பர் 40 மென்மயிர்த் தோல். தோல்களை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டியதால் மரத்தின் பெயர் வந்தது என்பது வழக்கமான விளக்கம். ரஷ்ய மொழியில் முப்பது, ஐம்பது எல்லாம் பத்தை வைத்து அமைந்த சொற்கள், நாற்பது அப்படியில்லாமல் தனியாக ‘சோரக்’. சேபிள் என்னும் சிறு விலங்கின் தோல்கள் நாற்பது நாற்பதாகக் கட்டி விற்கப்பட்டதோடு அந்தச் சொல்லைச் சேர்த்துப் பேசுவது வழக்கம்.

கையுறை வந்தால் உஷார். கையுறையில் ஒரு டிக்கர் என்றால் 10 ஜோடி, 20 உருப்படி.

அறுபதுக்குத் தனி அலகு இருந்ததா?

ஜெர்மன் வணிகத்தில் ‘ஷாக்’ 60, ‘மாண்டல்’ 15. நான்கு மாண்டல் ஒரு ஷாக், ஐந்து டஜனும் ஒரு ஷாக். ஆனால் 16 கொண்ட ‘பெரிய மாண்டல்’ ஒன்றும் இருந்தது. அது வந்தால் ஷாக் 64 ஆகும்.

சோழியைக் காசாக வைத்திருந்தபோது ஆயிரக்கணக்கில் எப்படி எண்ணினார்கள்?

வங்காளத்தில் 4 சோழி ஒரு கண்டா, 5 கண்டா ஒரு புடி (20), 4 புடி ஒரு பண் (80), 16 பண் ஒரு காஹன் (1,280). முதல் படி நான்கு. யார்மத் மீன்காரரின் வார்ப்பும் நான்கு என்பதைப் பாருங்கள். விரல்கள் ஒரு வீச்சில் தவறாமல் எடுக்கும் எண்ணிக்கை அது.

மேற்கு ஆப்பிரிக்காவில் சோழியைக் கோத்தார்கள். 40 ஒரு சரம், 50 சரம் ஒரு ‘தலை’ (2,000), 10 தலை ஒரு மூட்டை (20,000).

முட்டைப் பெட்டியில் ஏன் 360? வட்டத்தின் பாகையோடு சம்பந்தமா?

சம்பந்தமில்லை. 30 டஜன் 360. பெரிய நூறு மூன்று என்றாலும் அதே. 5க்கு 6 குழியுள்ள தட்டில் 30 முட்டை, அதாவது இரண்டரை டஜன். 12 தட்டு வைத்தால் பெட்டி நிறையும். பழைய அலகு இன்றைய அட்டைத் தட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும் இடம் இது.

‘ஆறு டஜன் டஜன்’, ‘அரை டஜன் டஜன்’: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஆறு டஜன் டஜன் என்றால் 6ஐ 144ஆல் பெருக்கி 864. அரை டஜன் டஜன் என்றால் 6 டஜன், 72. வாயால் ஆர்டர் வாங்குபவர்கள் உருப்படி எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது நல்லது.

ஆணியை ‘பத்துப் பென்னி ஆணி’ என்கிறார்களே, அதுவும் எண்ணிக்கையா?

எண்ணிக்கையும் விலையும் சேர்ந்து அளவாக மாறிய கதை அது. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நூறு ஆணி என்ன விலையோ அதுவே அந்த ஆணியின் பெயர். விலைகள் மாறின, பெயர்கள் நின்றுவிட்டன. அமெரிக்காவில் இன்றும் பத்துப் பென்னி ஆணி என்றால் 3 அங்குல ஆணி.

இந்தக் காலத்தில் புதிதாக எண்ணிக்கை அலகு ஏதாவது வந்திருக்கிறதா?

வேதியியலின் ‘மோல்’. அணுவையோ மூலக்கூறையோ டஜனில் எண்ண முடியாது, எடுத்துக்காட்டாக 18 கிராம் தண்ணீரிலேயே ஏறத்தாழ ஒரு மோல் மூலக்கூறு இருக்கிறது. முன்பு 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று எடையை வைத்து இதை வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் டஜனைப் போலவே வெறும் எண்ணாக நிர்ணயித்துவிட்டார்கள். 6.02214076ஐ 10இன் 23ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் எண், அவ்வளவுதான். இங்கும் முதல் கேள்வி “எந்தப் பொருளில்?” என்பதே. ஒரு மோல் ஆக்சிஜன் அணு என்றால் 16 கிராம், இரண்டு அணு சேர்ந்த ஆக்சிஜன் மூலக்கூறு ஒரு மோல் என்றால் 32 கிராம். கையுறை டிக்கரில் வந்த அதே ஜோடிச் சிக்கல்தான்.